முதுகில் இரண்டு தட்டு

பஸ் ரன்வே கேட்டில் நின்றதும் தியாகேசனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. வந்ததை நினைத்து அவனுக்கே வெட்கமாகவும் இருந்தது. மற்ற நாளென்றால் இந்தக் கேட்டைச் சபிக்காமல் அவன் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. விமானப்படைத் தளத்தின் ஆய்வுப் பிரிவு ஓடுதளத்துக்கு இந்தப் பக்கம், குவார்ட்டர்ஸ் அந்தப் பக்கம், நடுவில் ஓடுதளத்தின் வால் குறுக்கே நீட்டிப் படுத்திருக்கிறது. விமானம் இறங்குகிற நேரத்தில் காவல்காரர் கம்பத்தைச் சாய்த்துவிட்டால் மகாராஜாவே வந்தாலும் நின்றுதான் போகவேண்டும். நிக்கட்டும். இன்னைக்கு நிக்கட்டும். ஒன்று என்ன, இருக்கிற அத்தனை விமானமும் ஒவ்வொன்றாய் வந்து இறங்கட்டும், என்ன குடி முழுகிப் போகிறது. வீட்டில் பூரணி இருப்பாள், பூரணியின் இடது காது இருக்கும். காலையில் பால் பொங்கிவிட்டது, அவ்வளவுதான் சங்கதி. இவன் போனில் டைரக்டரோடு பேசிக்கொண்டிருந்தான், அடுப்பில் சுர்ரென்று சத்தம், பூரணி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், போனை வைத்ததும் அவள் ஓடிவந்தாள், கை போய்விட்டது. அப்படித்தான் அவன் மனசுக்குள் சொல்லிக்கொள்வது, கை போய்விட்டது என்று, ஏதோ அந்தக் கை தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போன மாதிரி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அடுப்பைத் துடைத்தாள், துணியைப் பிழிந்தாள், பிறகு கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில், "ஏங்க, எனக்கு இந்தப் பக்கம் கேக்கலை" என்றாள். வாசலில் மகள் மிருதுளா ஒரு காலில் ஷூ போட்டுக்கொண்டு இன்னொரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது, பிள்ளை போய்விட்டது.

கேக்கலை என்றால் என்ன, கொஞ்ச நேரம் ஙொய் என்று இருக்கும், பிறகு சரியாகிவிடும், இவனுக்கே சின்ன வயதில் எத்தனை தடவை ஆகியிருக்கிறது. சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். ஆகாமல் இருந்தால்? போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். எந்தக் காதில் வைத்துப் பேசுவாள்? தியாகேசன் லேசுப்பட்ட ஆளில்லை, விஞ்ஞானி, விமானங்களின் தயார்நிலை விஷயத்தில் அவன் சொன்னால் மேலிடத்தில் மறுபேச்சு கிடையாது. தயார்நிலை என்றால் பெரிய பிரம்ம சூத்திரம் ஒன்றுமில்லை. காலையில் வரிசையில் நிற்கிற விமானங்களில் எத்தனை அந்த நிமிஷமே கிளம்பும், எத்தனை கிளம்பாது, கிளம்பாதது ஏன் கிளம்பாது, அதுதான். பல வருஷமாக அவன் போல்ட்டையும் டயரையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு மேலே யாருக்கோ ஞானம் பிறந்தது: வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிற மெக்கானிக் போல்ட்டைச் சரியாக முடுக்குவானா? அதையும் ஆராய்ச்சி பண்ணு. ராணுவக் குடும்பங்களில் நடக்கிற அடிதடியைப் பற்றி ஆஸ்பத்திரியின் பின்னறையில் ஓர் ஆராய்ச்சி தூசி படிந்து கிடந்தது, அதைத் தூக்கிவந்து இவன் ஆராய்ச்சியோடு முடிச்சுப் போட்டார்கள். பெண்டாட்டி அடிபடுகிறாள் என்றபோது ஒரு நாற்காலி கொடுக்காதவர்கள், விமானம் கிளம்பவில்லை என்றதும் ஏ.சி. அறையே கொடுத்தார்கள். இன்று மத்தியானம் அந்த அறையில்தான் அவன் எழுந்து நின்று, தெளிவான குரலில், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை தயார்நிலையைக் குறைக்கிறது என்று வாசித்தான். அவன் எழுதிய வாக்கியம், நல்ல வாக்கியம், ஒரு சொல் கூடவில்லை குறையவில்லை. கை நடுங்கியதா? இல்லை. அதே கை, காலையில் போன கை, ரிமோட்டைப் பிடித்துப் படம் படமாக மாற்றியது, டீக்கோப்பையை எடுத்தது, பிஸ்கெட்டை நனைத்து உடையாமல் வாய்க்குக் கொண்டுபோனது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள், அதுகூட இல்லை, உபதேசம் செய்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு அப்போது வரவில்லை. இப்போது பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வருகிறது.

பக்கத்து சீட்டில் டாக்டர் ரோஸ்லின். பின்னறை ஆராய்ச்சி அவருடையதுதான். மனநல டாக்டர், நாகர்கோவில் பக்கம், ரிட்டையராக ஒன்றிரண்டு வருஷம் இருக்கிறது, கைப்பையில் எந்நேரமும் வறுகடலை. ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "சார், மீட்டிங்ல நல்லாப் பேசினிய" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார், தோலை ஊதினார். "பிள்ளையளுக்க கதைய நான் அங்க வைக்கல, கேட்டியளா. வச்சா அந்த ஆபீசர்மாரு தாங்க மாட்டாவ." என்ன கதை என்று தியாகேசன் கேட்கவில்லை, கேட்கக்கூடாது என்று ஏதோ ஒன்று உள்ளே சொன்னது, ஆனால் ரோஸ்லினைக் கேட்கவேண்டியதில்லை. "ஸ்கூல்ல வச்சுப் படம் வரையச் சொன்னோம், பேசச் சொன்னோம். பேரு வேண்டாம்னுட்டோம். யாரு வீட்டுப் பிள்ளைன்னு எனக்கே தெரியாது, தெரியவும் கூடாது. ஒருத்தன் சொல்லுதான், அப்பா பைக்க நிறுத்துத சத்தத்த வச்சே அன்னைக்கு எப்பிடின்னு கண்டுபிடிச்சிருவானாம். இன்னொருத்தனுக்கு செருப்பு விழுத சத்தம். ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கு சார், அது எல்லாத்துக்கும் மேல. அப்பா வந்ததும், பறக்கதுக்கு முன்ன விமானத்தைச் சுத்திப் பாப்பாவல்லா, அதே மாதிரி அப்பாவைச் சுத்திப் பாக்குமாம்."

அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது. கேட்டுக்கு மேலே, தலையைத் தடவிக்கொண்டு போகிற உயரத்தில், பஸ் கண்ணாடியெல்லாம் கடகடவென்று நடுங்க, ரோஸ்லின் வாயை மூடிக்கொண்டு கடலையை உரித்தார். சுத்திப் பார்ப்பது. சரி, அதனால் என்ன? இந்தத் தளத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியாது? முந்நூறு குடும்பம் இருக்கும், பாதிப் பேர் விமானத்தைச் சுத்திச் சுத்தி வந்து சம்பளம் வாங்குகிறவர்கள், அவர்கள் பிள்ளைகள் அம்மா அப்பா விளையாட்டு விளையாடாது, சுத்திப் பார்க்கிற விளையாட்டுத்தான் விளையாடும். மிருதுளாவுக்கு இவன் சொல்லிக்கொடுத்தது விமானப்படை நாளன்றைக்கு. குடும்பங்களை உள்ளே விட்ட நாள், அது குட்டிப் பெண், இவன் தோளில் உட்கார்ந்து இவன் முடியைக் கொத்தாகப் பிடித்திருந்தது. மூக்கிலிருந்து ஆரம்பிக்கணும் கண்ணு. அப்புறம் இந்த இறக்கை. கீழே எண்ணெய் சொட்டியிருக்கா பாரு. டயரு. வாலு. கண்ணால மட்டும் பாத்தாப் போதாது, கையாலயும் பாக்கணும். எவ்வளவு நல்ல நாள் அது. பூரணி மஞ்சள் சேலை கட்டியிருந்தாள், ஐஸ்கிரீம் உருகி மிருதுளாவின் முழங்கை வழியாக இவன் காதுக்குள் சொட்டியது, இவன் சிரித்தான், கோபமே வரவில்லை. வராத நாட்களும் உண்டு. அதுதான் முக்கால்வாசி. முக்கால்வாசி நாள் நல்லபடியாக இருக்கிற ஒரு விமானத்தை நீ என்னவென்று எழுதுவாய்? தயார் என்றுதானே எழுதுவாய்? அப்புறம் ஏன் இவனை மட்டும். விமானம் தரையைத் தொட்டது, டயர் கீச்சிட்டது, சத்தம் தூரமாகப் போனது. இது வேறு யார் வீட்டுப் பிள்ளையோ. பாவம்.

"எங்க விட்டேன்?" என்றார் ரோஸ்லின். "ஆங். சுத்திப் பாக்கும். பாத்துட்டு, கடைசில முதுகுல ரெண்டு தட்டு தட்டுமாம்."

இரண்டு தட்டு. எந்தக் கையேட்டிலும் கிடையாது. எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை. அன்றைக்குச் சுற்றிவந்து முடித்ததும் மிருதுளா, அவ்ளோதானாப்பா என்று உதட்டைப் பிதுக்கியது, அந்த நிமிஷத்தில் அதற்காக இவன் இட்டுக்கட்டினான்: வாலில் ரெண்டு தட்டு தட்டணும், 'நீ நல்லா இருக்கே, போயிட்டு வா'ன்னு அர்த்தம். தோளிலிருந்து குனிந்து அது தட்டியது, டக் டக். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் இவன் உள்ளே நுழைந்தால் ஓடிவந்து பையை வாங்கிக்கொள்ளும், இவனை ஒரு சுற்றுச் சுற்றும், முதுகில் டக் டக். எவ்வளவு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறான். பொம்பளப் பிள்ளை பெத்தவன் புண்ணியம் பண்ணினவன் சார், வீட்டுக்குள்ள போனா முதுகைத் தட்டிக்கொடுக்குது. சொன்னானே! இந்த ரோஸ்லினிடமே சொல்லியிருக்கிறானா? திடுக்கென்று அவர் முகத்தைப் பார்த்தான். அவர் கடலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை, இவரிடம் சொன்னதில்லை, கேன்டீனில் சொன்னது வேறு ஆளிடம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, தியாகேசனுக்கு இப்போது தன் முதுகு தெரிந்தது. சட்டைக்குள் அது பலகை மாதிரி விறைத்திருந்தது.

"எதுக்குத் தட்டுகேன்னு எங்க டீம்ல உள்ள பிள்ளை ஒருத்தி கேட்டிருக்கா. முதுகு கல்லு மாதிரி இருந்தா அன்னைக்கு அப்பா சரியில்ல, மெத்துன்னு இருந்தா சரின்னு சொல்லிச்சாம். மூஞ்சி பொய் சொல்லுமாம் சார், சிரிச்சிட்டே வருவாவளாம். முதுகு சொல்லாதாம்." ரோஸ்லின் கடலைத் தோலை ஊதினார். "சரியில்லன்னா என்னம்மா செய்வேன்னு கேட்டா, எதையாவது உடைப்பேன்னுச்சாம். தம்ளரு, தட்டு, கையில அகப்பட்டது. அப்பாக்குக் கோவம் எப்பிடியும் வந்தாச்சு, அது எங்கயாச்சும் போய் விழணும்லா, எனக்கு விழுந்துட்டா தீந்துரும், அம்மாட்ட போகாதுன்னு. பத்து வயசு இருக்கும் சார், கூடிப் போனா." ஒரு பிடி கடலையை அவன் கையில் வைத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டான், உரித்தான், தின்றான். வாய் வேலை செய்கிறது பாருங்கள், என்ன நடந்தாலும் வாய் தன் வேலையைச் செய்கிறது.

நீலப்பூ போட்ட தம்ளர். ஆமாம், அது நழுவியது, அன்றைக்கு ஆய்வறிக்கையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஊறுகாய் ஜாடி. அது எந்த நாள்? சுவர்க்கடிகாரம், பந்து பட்டு என்று சொன்னது, வீட்டுக்குள் பந்து விளையாடாத பிள்ளை, அன்றைக்கு ஏன் விளையாடியது? மை பாட்டில், இவன் வெள்ளைச் சட்டை மேல். சனியனே, கையில ஓட்டையா உனக்கு என்று இவன் கத்தியது அவனுக்கே இப்போது காதில் விழுகிறது, பிறகு பளீர், பிறகு அது அழுதுகொண்டே மூலையில் போய் உட்காரும், இவனுக்கும் மனசு ஆறிப்போகும், பூரணி சோறு போடுவாள், அன்றைக்கு அப்புறம் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காது! அதைக்கூட அவன் கவனித்திருக்கிறான், கவனித்துவிட்டு, நான் அப்படியொன்றும் மோசமில்லை, ஓர் அடியோடு முடிந்துவிடுகிறது என்று தன்னைத் தட்டிக்கொடுத்திருக்கிறான். பிள்ளைக்குக் கைராசி இல்லை, பூரணி, எதைத் தொட்டாலும் உடையுது, பூரணி. பூரணி அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாளே, அவளுக்குத் தெரியுமா? தெரியாமலா இருக்கும். ஐயோ, தெரிந்தும் எப்படிச் சோறு போட்டாள்? தெரியாவிட்டால், தெரியும் நாளில் என்ன ஆவாள்?

இதில் வேடிக்கை என்னவென்றால் ராசியைப் பற்றி இந்தத் தேசத்திலேயே அதிகம் ஆராய்ந்தவன் தியாகேசன்தான். கொட்டகையின் கடைசி மூலையில் ஒரு விமானம் நிற்கும், எப்போது பார்த்தாலும் அதில்தான் கோளாறு, இன்றைக்குப் பம்ப் என்றால் நாளைக்கு சக்கரம். ராசியில்லாத சனியன் என்று பேர் வைத்து, ஆயுத பூஜைக்கு அதற்கு மட்டும் பெரிய பூசணிக்காயாக உடைத்தார்கள். இவன்தான் ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி, கோளாறு அதனுடையது இல்லை என்று காட்டியவன். மற்ற விமானத்தில் எது பழுதானாலும் ஸ்டோரில் சாமான் கேட்டால் வர மாதக்கணக்காகும். உடனே கிளம்பியாக வேண்டும் என்றால் என்ன செய்வது, இதிலிருந்து நல்லதைக் கழற்றி அதில் மாட்டுவார்கள், அதிலிருந்து கெட்டதைக் கழற்றி இதில் வைப்பார்கள். மற்றவை பறப்பதற்காக இது உடைந்து நின்றது. பையன்கள் அதற்கு வள்ளல் என்று புதுப் பேர் வைத்தார்கள். அந்த ஆராய்ச்சிக்குத்தான் இவனுக்குப் பரிசு, கண்ணாடியில் செய்த விமானம், ஹாலில் ஷோகேஸில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தோறும் இவனே துடைப்பான், வேறு யாரும் தொடக்கூடாது. எதிலே அடிக்கடி கோளாறு தெரிகிறதோ அதைத் திட்டாதீர்கள், யாருக்காக அது கெட்டது என்று கேளுங்கள், என்று மேடையில் சொன்னான், கைதட்டினார்கள். அதே ஷோகேஸுக்குக் கீழேதான் மை பாட்டில் உடைந்தது. அட முட்டாளே, அட பாவி, உன் வீட்டு வள்ளலை உனக்குத் தெரியவில்லையே.

அவன் அப்பா திருவாரூரில் ரைஸ்மில் ஃபோர்மேன். அவர் அடிக்கும்போது அம்மா மிக்சியைப் போட்டுவிடுவாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதாம், ஒன்றுமில்லாத மிக்சி அது பாட்டுக்கு வீல் என்று அலறும். மறுநாள் அல்வா வரும். வாழையிலையில் நெய் ஒழுக ஒழுக. அம்மா அதை நன்றாகத் தின்பாள், அடிக்கிற கைதான்டா அணைக்கும், கோபம் இருக்கிற இடத்திலதான் குணம் இருக்கும், இந்தா நீயும் தின்னு. தின்றான். இனித்தது, என்ன செய்ய. அப்பா மாதிரி ஆகமாட்டேன் என்று மிக்சி அலறும்போதெல்லாம் சொல்லிக்கொண்டான், அப்பா மாதிரி ஆகவில்லைதான், அப்பா படிக்காதவர், இவன் டாக்டர் பட்டம் வாங்கியவன், அப்பா தண்ணி போட்டுவிட்டு அடிப்பார், இவன் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு அடிக்கிறான். மடியில் கேன்டீன் பால்கோவா டப்பா இருந்தது. மத்தியானமே வாங்கிவிட்டான், வாங்கும்போது அல்வா ஞாபகம் வரவே இல்லை, இப்போதுதான் வருகிறது. டப்பா சூடாக இருப்பதுபோல் பட்டது. ஜன்னல் வழியாகப் போட்டுவிடலாமா? ரோஸ்லின் பார்ப்பார்.

கம்பம் நிமிர்ந்தது. பஸ் கிளம்பிவிட்டது. கிளம்பாதே என்று யாரிடம் சொல்ல? கிளம்பட்டும். இப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டும் அவனுக்கு, மற்றதெல்லாம் பிறகு, காது டாக்டர் பிறகு, காலில் விழுவது பிறகு, இந்த ரோஸ்லினிடம் அது என் பிள்ளைதான் என்று சொல்வதுகூட நாளைக்கு. இன்றைக்கு அந்தப் பிள்ளை எதையும் உடைக்கக்கூடாது. உடைக்கத் தேவையில்லை என்று அதற்குத் தெரிய வேண்டும். காலையில் பார்த்திருக்கிறது, பகல் பூரா ஸ்கூலில் அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கும், எதை உடைப்பது என்று யோசித்திருக்குமோ? கணக்குப் பீரியடில் உட்கார்ந்து வீட்டில் இருக்கிற கண்ணாடிச் சாமான்களை வரிசையாக நினைத்துப் பார்த்திருக்குமோ? எந்த முகத்தோடு உள்ளே போவது? சிரித்தால் மூஞ்சி பொய் சொல்லும். சிரிக்காவிட்டால் கேட்கவே வேண்டாம். பஸ் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான், உதட்டைத் தளர்த்தினான், புருவத்தைத் தளர்த்தினான், ஒரு முகமும் கிடைக்கவில்லை. முதுகு. முதுகை மெத்தென்று வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை இழுத்து விட்டான். விட விட அது இன்னும் இறுகியது. "உடம்பு சுகமில்லையா சார்?" என்றார் ரோஸ்லின். "ஒண்ணுமில்லைங்க, முதுகு பிடிச்சுக்கிச்சு" என்றான், வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் ஓர் உண்மையைச் சொன்ன மாதிரி இருந்தது. அவன் நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கிவிட்டான்.

கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே திறந்தது. பஸ் சத்தத்தைக் கேட்டிருக்கும். "அப்பா" என்றது மிருதுளா, யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. பையை வாங்கிக்கொண்டது. பால்கோவா டப்பாவையும் வாங்கிப் பார்த்தது, பார்த்ததும் அதன் நெற்றியில் சின்னதாக ஒரு சுருக்கம். அடி விழுந்தால் இனிப்பு மறுநாள்தான் வரும், இன்றைக்கே வந்திருக்கிறது, இது அதன் பாடத்தில் இல்லை. சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, பூரணி அந்தப் பக்கம் பார்த்து நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், அவளுடைய இடது பக்கம் ஹாலைப் பார்த்து இருந்தது. "பூரணி" என்றான். திரும்பவில்லை. மிருதுளா அதைப் பார்த்தது, இவனைப் பார்த்தது, பிறகு ஆரம்பித்தது. முகம். வலது தோள். வலது கையைத் தொட்டுப் பார்த்தது, விரல்கள் மடங்கியிருக்கின்றனவா என்று. குனிந்து ஷூவைப் பார்த்தது. எத்தனை சாயங்காலம் இதற்காக மனசு குளிர்ந்து நின்றிருக்கிறான்! இப்போது ஒவ்வோர் இடமாக அது நகர நகர, நகர்ந்த இடமெல்லாம் விறைத்தது. தளர்ந்து விடு, உடம்பே, தளர்ந்து விடு, உனக்குப் புண்ணியமாகப் போகும், ஒரே ஒரு நாள். அது பின்னால் போய்விட்டது. இப்போது அதை அவனால் பார்க்க முடியாது. டக். டக். பிறகு அந்த உள்ளங்கை எடுபடாமல் முதுகிலேயே கொஞ்ச நேரம் இருந்தது, சின்னதாக, ஈரமாக.

அது ஷோகேஸ் பக்கம் நடந்தபோது அவனுக்குப் புரிந்துவிட்டது. தம்ளர் இல்லை, இன்றைக்குத் தம்ளர் போதாது என்று அதற்குத் தெரிகிறது. மிரு, வேண்டாம் கண்ணு, அப்பா சரியாத்தான் இருக்கேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது "ஏய்!" என்ற அந்த ஒரே குரல், இந்த வீட்டுக்குத் தெரிந்த குரல். பிள்ளை தலையாட்டியது, தெரியும் என்பது போல. கண்ணாடி விமானத்தை இரண்டு கையாலும் எடுத்து, இவனையே பார்த்துக்கொண்டு, கையை விட்டது. சத்தம் கேட்டுப் பூரணி துள்ளித் திரும்பினாள், ஒரு காது மட்டும் இருப்பவளுக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது போல, கொல்லைக் கதவைப் பார்த்துத் திரும்பி, "என்ன, என்ன அங்க?" என்று இருட்டிடம் கேட்டாள். தியாகேசன் தன் கையைப் பார்த்தான். அது தோளுக்கு மேலே இருந்தது. எப்போது போனது என்று சத்தியமாக அவனுக்குத் தெரியாது. மிருதுளா சடையை எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டது, கன்னத்தில் குறுக்கே இருந்தால் கண்ணில் பட்டுவிடும், கண்ணை இறுக்க மூடிக்கொண்டது, முகத்தை வாகாகத் தூக்கிக் கொடுத்தது. அவன் அடிக்கவில்லை. கையை இறக்கவும் தெரியவில்லை, மேலேயே வைத்திருக்கவும் முடியவில்லை, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் பொத்தென்று முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருக்கும் பிள்ளை, ஒரு கண்ணை மட்டும் திறந்தது. இவனைப் பார்த்தது, கையைப் பார்த்தது, சமையலறைப் பக்கம் பயத்தோடு ஒரு பார்வை பார்த்தது. பிறகு அம்மாவுக்குக் கேட்காதபடி குனிந்து, ரகசியமாக, கேட்டது:

"இன்னொண்ணு உடைக்கட்டுமாப்பா?"